நோய் கண்ணில்தான், கையில் இல்லை

"இரு கண்களும். தொற்றக்கூடியது. ஒரு வாரத்துக்குப் பிறரைத் தொட வேண்டாம்."

என்னிடம் சேர்ந்து கிடக்கும் பழைய காகிதங்களுக்குள் ஒரு மருந்துச் சீட்டு இருக்கிறது. அதில் ஆங்கிலத்தில் கிறுக்கியிருப்பதன் தமிழாக்கம் இதுதான். பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கிளினிக் ஒன்றில், ஒரு வியாழக்கிழமை காலையில் எழுதப்பட்டது. தேதியும் உண்டு. அதை இங்கே எழுதக் கூடாது என்பது என் அக்காவின் உத்தரவு. "ஊரு சிரிக்கிறதுக்கு மச்சான் செத்த தேதிய ஏன்டா குடுக்கிற?" என்று கேட்டாள். தேதி போடாமல் ஒன்றை எழுதுவது எனக்குப் பொத்தான் இல்லாத சட்டையோடு தெருவில் நடப்பது மாதிரி. என்ன செய்வது, சிரிப்பு என்னுடையது, சாவு அவளுடையது.

நோய்களிலேயே மரியாதை கெட்டது கண் நோய்தான். காய்ச்சல் என்று படுத்தால் பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வரும். காலை முறித்துக்கொண்டால் தோடம்பழம் வரும். கண் சிவந்து வாசலில் நின்றால் பக்கத்து வீட்டுக் கதவு சாத்தப்படும். பார்த்தாலே ஒட்டும் என்று நம்புகிறவர்கள் நம் சனங்கள். கண் நோய்க்காரனிடம் பேச நேர்ந்தால் அவனுடைய நெற்றியைப் பார்த்துக்கொண்டு பேசுவார்கள்.

அந்த வியாழக்கிழமை விடிந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. இரண்டு கண்ணும் பசை போட்டு ஒட்டியது போல மூடிக் கிடந்தன. என் மனைவி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டி, வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டாள். (பாதி நேரம் காதைத்தான் துடைத்தாள்.) ஒரு கண் பாதி திறந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அக்கா.

"தம்பி, மச்சான் போயிட்டாருடா."

"எப்பக்கா?"

"வெள்ளனத்தான். தேத்தண்ணி கேட்டாரு. ஊத்திக்கிட்டு வர்றதுக்குள்ள..."

மச்சான், அக்காவின் கணவர், அந்தத் தோட்டத்தில் நெடுங்காலம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். மலையில் ஆட்களை வேலை வாங்குவது அவர் பொறுப்பு. காலையில் ஆட்கள் கூடுகிற பெரட்டுக்களத்தில் பிந்தி வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதில் அவருக்கு இணை கிடையாது. பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்தேன் என்று சொன்ன பெண்ணையும் திருப்பி அனுப்பினார். அவர் ஓய்வு பெற்ற அன்று ஒருவரும் மாலை போடவில்லை. அக்கா வாங்கி வைத்திருந்த மாலையை அக்காவே போட்டாள். பிள்ளைகளும் இல்லை.

தொலைபேசியில் அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, நாளைக்கு மத்தியானம் எடுக்கிறோம். சனம் வரும். வராட்டி மரண சங்கத்துல அபராதம் போடுவாங்க, அதுக்காக வரும். ஆனா ஒருத்தரும் அழுவ மாட்டாங்கடா. ஒரு கண்ணுலயும் தண்ணி வராம இந்த மனுசன நான் எப்பிடித் தூக்கிக் குடுப்பேன்?"

அவளுக்கு வேண்டியது கண்ணீர். அன்றைக்கு ஊவா மாகாணத்திலேயே அது என்னிடம்தான் அதிகமாக இருந்திருக்கும். வகைதான் வேறு.

அந்தக் கண்ணோடு பஸ்ஸின் பெயர்ப் பலகையை வாசிக்கக்கூட முடியாது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் வரிசையிலேயே பொழுது போய்விடும். ஆகவே முன்பதிவு இல்லாமல் நேரே நுழையக்கூடிய கிளினிக்குக்குப் போனேன். போகிற வழியில் நடைபாதைக் கடையில் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கினேன். தடவிப் பார்த்து வாங்கியதால் ஓரங்களில் தங்க நிறத்தில் சிங்கமுகம் இருந்தது தெரியவில்லை. மரண வீட்டுக்கென்று வெள்ளைச் சட்டை வேறு. யாரோ ஓர் அரசியல்வாதியின் மெய்க்காவலன் தோற்றத்தில் கிளினிக்கில் போய் உட்கார்ந்தேன்.

நீள வாங்குப் பலகையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். முதலில் மரியாதையாக நகர்ந்து இடம் விட்டார்கள். கண்ணைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றினேன். மீண்டும் போட்டுக்கொண்டு பார்த்தபோது வாங்கில் நான் மட்டும் இருந்தேன். மற்ற அனைவரும் எதிர்ச் சுவரோடு சாய்ந்து நின்று, என் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு கிழவரும் நின்றார்.

நம்பர்த் துண்டு எழுதிக் கொடுக்கும் பெண் தெமோதரைக்காரி என்று பேச்சுக்கொடுத்ததில் தெரிந்தது.

"அங்கிள், வெள்ளச் சட்டையோட வந்திருக்கீங்க. செத்த வீடா?"

(அங்கிளாம்! எனக்கு அப்போது நரைகூட ஒழுங்காக வரவில்லை.)

"ஆமா. மச்சான்."

"அப்ப ஒங்களுக்கு லேசுதானே. கண்ணு ஏன் செவந்திருக்குன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

சொல்லிவிட்டு, நான் சாய்ந்து நின்ற மேசை விளிம்பை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள்.

டொக்டர் சிங்களவர். தமிழை எண்ணி எண்ணிப் பேசினார். ஒரு சிறு டோர்ச்சால் பார்த்தார். கை கழுவினார். சீட்டு எழுதினார். மறுபடியும் கை கழுவினார்.

"இது தொட்டா ஒட்டும். பார்த்தா ஒட்டாது. நீங்க கண்ணைத் தொட்டு, அந்தக் கையால வேற ஆளைத் தொட்டா, இன்னைக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு மூணு நாள் போகும், பிறகு அவருக்கு வரும். துவாய் தனியா வையுங்க. ஒரு வாரம் யாரையும் தொட வேணாம்."

"டொக்டர், நான் மரண வீட்டுக்குப் போறேன்."

"போங்க. தூரத்தில நில்லுங்க."

"தூரத்தில் நிற்க முடியாது. நான் மைத்துனன். வாசல்ல உட்கார்ந்து எல்லாருக்கும் கை கொடுக்கணும்."

அவர் என்னை முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

"கும்பிடுங்களேன்" என்றார். "ரெண்டு கையையும் சேர்த்து இப்பிடி வைச்சுக்கிட்டா யார் தொடப்போறாங்க?"

இவ்வளவு எளிமையான வழி எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கப்பட்டேன். அந்தப் பெண் சொட்டு மருந்து விட்டு, மேலே ஏதோ ஒரு களிம்பையும் இழுத்துவிட்டாள். "கொஞ்ச நேரத்துக்கு மங்கலாத்தான் தெரியும், அங்கிள்." உண்மை. அடுத்த இரண்டு நாளும் நான் கண்ட உலகம் நெய்க்கடதாசிக்குப் பின்னால் இருந்தது.

பசறை வழியாகப் போகும் பஸ்ஸில் சனம் நெரிந்தது. படியிலும் தொங்கினார்கள். என் பக்கத்து ஆசனம் மட்டும் கடைசி வரைக்கும் காலியாகவே வந்தது.

துக்கம் கேட்கும் முறையை வெளியாருக்காகச் சொல்லிவிடுகிறேன். மரண வீட்டு வாசலில் நெருங்கிய ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வருகிறவர் குனிந்து இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டுவார். வீட்டுக்காரர் அந்தக் கைகளின்மேல் தன் கைகளை வைக்க வேண்டும். வார்த்தை தேவையில்லை. அந்தத் தொடுகைதான் "வந்தேன்", "வந்தீர்கள்" எல்லாம். நீட்டிய கையைத் தொடாமல் விட்டால் அது அவமதிப்பு. பேரன் காலம்வரைக்கும் பேசப்படும். மச்சானுக்குப் பிள்ளைகளும் இல்லை, உடன்பிறந்தவர்களும் இல்லை. ஆகவே அந்த வரிசை முழுவதும் நான்தான்.

பாதையோரம் வெள்ளைக் கொடி கட்டியிருந்தார்கள். உள்ளே போய் மச்சானைப் பார்த்தேன். கடைசியாக அவர் முகத்தைக் கண்டேன் என்று எழுத ஆசைதான். எழுத முடியாது. நான் கண்டது வெள்ளைத் துணியின் நுனியில் ஒரு மஞ்சள் திட்டு. பக்கத்தில் இருந்த இன்னொரு திட்டு அக்கா. அவள் அழுது ஓய்ந்திருந்தாள். ஒப்பாரிக்குப் பேர்போன வள்ளியம்மா, தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்திலிருந்து வந்து, தொண்டை கட்டியிருக்கிறது என்று சைகையால் காட்டிவிட்டு மூலையில் குந்தியிருந்தாளாம்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். டொக்டர் சொன்னபடி கைகளைக் குவித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். கறுப்புக் கண்ணாடி, சிங்கமுகம், கும்பிட்ட கை.

முதலில் வந்தவர் ராமையா. மரண சங்கத் தலைவர், அறுபதைத் தாண்டியவர். சிறு வயதில் தேயிலைக் கம்பு குத்தி ஒரு கண் போனவர். குனிந்து கைகளை நீட்டினார். நான் கும்பிட்டேன். அவர் இன்னும் கொஞ்சம் நீட்டினார். நான் இன்னும் கொஞ்சம் பக்தியோடு கும்பிட்டேன். அவருடைய கை காற்றில் நின்றது. அவருக்குப் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

"தம்பி" என்றார் தணிந்த குரலில், "நாங்க சாமி கும்பிட வரலீங்க."

"கண்ணு நோய்ங்க. டொக்டர் தொட வேணாம்னு..."

பின்னால் யாரோ, எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னார்: "கணக்கப்பிள்ள வீடுதானே. உசிரோட இருந்தப்ப வெரட்டுனாரு. இப்ப மச்சினன வச்சு வெரட்டுறாரு."

"வாங்கடா போவோம். தலையக் காட்டியாச்சு, அபராதம் இல்ல."

இரண்டு மூன்று திட்டுகள் உண்மையிலேயே திரும்பிப் பாதையை நோக்கி நகர்ந்தன. அப்போது அக்கா வாசலுக்கு வந்துவிட்டாள். தலைவிரி கோலமாக, புருசனைக் கிடத்திவிட்டு, வாசல்வரைக்கும்.

"என்னாடா?"

"கண்ணு நோய்க்கா. தொட்டா எல்லாருக்கும் வருமாம்."

"நோயி கண்ணுலதானே இருக்கு, கையிலயா இருக்கு?" என்று கேட்டாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "சனம் போகுதுடா தம்பி. கையக் குடுடா" என்றாள்.

அந்தக் கேள்விக்கு டொக்டரிடம் பதில் இருந்தது. புத்தகங்களிலும் இருக்கிறது. என்னிடமும் இருந்தது. நான் கண்ணாடியைக் கழற்றினேன், வழிந்ததைத் துவாயால் துடைத்தேன், கையை நீட்டி ராமையாவின் கைகளின்மேல் வைத்தேன்.

பிறகு மழை மாதிரி வந்தார்கள். அன்றைக்கும் மறுநாளும் அந்தத் தோட்டப் பிரிவின் கைகள் அத்தனையும் என் கைகளுக்கடியில் வந்துபோயின. கத்தி பிடித்துக் காய்ப்பேறிய கைகள், தேயிலைக் கறை படிந்த கைகள், வெற்றிலை மணக்கும் கைகள். இரண்டு கைக்கு ஒரு தடவை கண் வழிந்தது. துடைத்தேன், நீட்டினேன். ஆரம்பத்தில் கையைச் சட்டையில் உரசிக்கொண்டு நீட்டினேன். (அது ஒரு சுகாதார நடவடிக்கை என்று என் நினைப்பு.) பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. என் முகத்தைக் கண்டவர்கள் கலங்க ஆரம்பித்தார்கள். ஓர் ஆண்பிள்ளை, டவுனில் உத்தியோகம் பார்ப்பவன், வெட்கமில்லாமல் வாசலில் உட்கார்ந்து தாரை தாரையாக விடுகிறான் என்றால், அந்த மனிதரிடம் நமக்குத் தெரியாத ஏதோ நல்லது இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தார்களோ என்னவோ. மூலையில் இருந்த வள்ளியம்மா எட்டிப் பார்த்தாள்.

"அடி ஆத்தே! மச்சினனே இப்பிடி அழுவுறான், நாம கல்லு மாதிரி குந்தியிருக்கோமே" என்றாள். கட்டியிருந்த தொண்டை திறந்தது. எடுத்த எடுப்பில் உச்சத்துக்குப் போனாள். பின்னாலேயே மற்றப் பெண்கள். மறுநாள் மழைக்குள் மச்சானைத் தேயிலை மலைக்கு மேலே கொண்டுபோய்ப் புதைக்கும்வரைக்கும் ஒப்பாரி ஓயவில்லை. அது முறைக்குப் பாடுவது, கண்ணில் ஈரம் இருக்க வேண்டியதில்லை என்பது அக்காவுக்கும் தெரியும். ஆனாலும் சத்தம் இருந்தது. அவள் என் தோளைப் பிடித்து நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை லயத்தில் சிலருக்குக் கண் உறுத்தியது. திங்கட்கிழமை பெரட்டுக்களத்தில் ஆளில்லை. வந்த கொஞ்சப் பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, கொழுந்துக்கும் முற்றிலைக்கும் வித்தியாசம் தெரியாமல் பறித்தார்கள். தோட்டத்து மருந்துச் சாலையில் இருந்த சொட்டு மருந்து ஒரே காலையில் தீர்ந்தது. கொழுந்து மலையில் முற்றியது. தோட்டத்து மேலாளர் துரை கத்தினாராம்.

அக்காவோடு இருந்துவிட்டுப் போகலாம் என்று நான் அங்கேயே தங்கியிருந்தேன். லயத்துப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. தண்ணீர்க் குழாயடியில் ஒரு பெண் எனக்குக் கேட்கச் சொன்னாள்: "இருந்தப்ப பெரட்டுக்கு ஒரு ஆள் கொறஞ்சாலும் குதிப்பாரு. செத்து, முழுப் பெரட்டையும் நிப்பாட்டிட்டாரு பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். வழிகிற கண்ணோடுதான்.

கண் நோய் பெரும்பாலும் தானாகவே போய்விடும். ஒரு வாரம், கூடிப்போனால் இரண்டு வாரம். அநேகமாக எல்லாருக்கும் அப்படித்தான் போனது. ராமையாவுக்குப் போகவில்லை. மருந்துச் சாலையில் மருந்து இல்லாததால் நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிச் சாறு விட்டிருக்கிறார். அவருக்கு இருந்த ஒரே நல்ல கண்ணில் புண் வந்தது. பதுளையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். புண் ஆறியது, கண்ணின் நடுவில் வெள்ளைத் தழும்பை விட்டுவிட்டு.

"எப்பிடிங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"பனி மூடுன மாதிரி இருக்கு தம்பி. இந்த மலையில பனி பழக்கந்தானே" என்றார். பிறகு, "கெட்ட கண்ணுக்கு ஒண்ணும் ஆகல. அது பத்திரமா இருக்கு" என்றும் சொன்னார். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சனம் திரண்டது. பாதிப் பேருக்குச் சிவப்பு இன்னும் வடியவில்லை. பெண்கள் முந்தானையால் ஒற்றிக்கொண்டே இருந்தார்கள். ஆண்கள் பதுளை நடைபாதைக் கடையில் இருந்த கறுப்புக் கண்ணாடிகளை மொத்தமாக அள்ளிவந்திருந்தார்கள். வரிசையாகச் சாப்பிட உட்கார்ந்தபோது பார்க்க வேண்டும்: இலைக்கு முன்னால் சிங்கமுகம், சிங்கமுகம், சிங்கமுகம். கொழும்பிலிருந்து வந்திருந்த தூரத்து உறவுக்காரர் ஒருவர் கண்ணீர் வடிந்த முகங்களைப் பார்த்து மலைத்துப்போனார். "பெரிய மனுசன்தான். பதினாறு நாளாகியும் தோட்டமே அழுவுதே!" என்றார். ஒருவரும் அவரைத் திருத்தவில்லை. சோறு வாய்க்குள் இருந்ததும் ஒரு காரணம்.

இப்போதும் சொந்தத்தில் எங்காவது சாவு என்றால் முதலில் வரும் கேள்வி, "பதுளைத் தம்பி கை குடுக்க வருதா?" என்பதுதான். வருகிறேன் என்றால், "அப்ப எழவு நல்லா நடக்கும்" என்பார்கள். எவளாவது அளவுக்கு மீறி அழுதால், "பதுளை டொக்டருகிட்ட காட்டிட்டு வந்தியா?" இது எங்கள் குடும்பத்தைத் தாண்டிப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் போய்விட்டது.

இத்தோடு முடித்திருப்பேன். பதினாறாம் நாள் சாயங்காலம், சனம் போன பிறகு, பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே அக்கா ஒன்று சொன்னாள்.

"எல்லாருக்கும் ஒன்னாலதான் செவந்துச்சு. அது எனக்கும் தெரியும். ஆனா அன்னைக்கே, நீ வந்து எறங்குறதுக்கு முன்னயே, ஒருத்தருக்குக் கண்ணு செவந்திருந்துச்சு."

"யாருக்கு?"

"கவ்வாத்து வெட்டுற சூசைக்கு. வாசல் கேட் கிட்ட மழையில நின்னாரு. உள்ள வரல. கைய நீட்டல. போயிட்டாரு."

சூசையை எனக்குத் தெரியும். மேல் லயத்தில், மாதா படத்துக்கு முன்னால் எப்போதும் விளக்கெரியும் வீட்டுக்காரர். ஒரு தடவை மச்சானோடு முட்டிக்கொண்டு, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தரையில் வீசியதற்காக வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர். மீண்டும் எடுத்த பிறகும் இருவரும் முகம் பார்த்துப் பேசியதில்லை.

டொக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது: இன்றைக்குத் தொட்டால் இன்றைக்கு வராது. அப்படியானால் சூசையின் சிவப்பு என்னிடமிருந்து போனதில்லை. அவருக்கு ஏற்கெனவே கண் நோய் இருந்திருந்தால், நோய் எனக்கு முன்பே தோட்டத்துக்கு வந்துவிட்டது, ராமையாவின் கண்ணை நான் மட்டும் சுமக்க வேண்டியதில்லை. நோய் இல்லையென்றால், மச்சானுக்காக அந்தத் தோட்டத்தில் ஒருவர் உண்மையாக அழுதிருக்கிறார். நான் வேண்டிக்கொள்வது ஒன்று. அக்கா வேண்டிக்கொள்வது மற்றது.

ஒரு நாள் மேல் லயத்துக்குப் போய்க் கேட்டேன்.

"அண்ணே, மச்சான் செத்த அன்னைக்கு ஒங்க கண்ணு செவந்திருந்துச்சாமே?"

"இருக்கும்."

"நோயா?"

சூசை வாசலில் குந்தியபடி கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நோயின்னு சொன்னா, நீதான்டா கொண்டுவந்தன்னு ராமையா வீட்டு ஆளுங்க என் வாசல்ல வந்து நிப்பாங்க. அழுதேன்னு சொன்னா, கணக்கப்பிள்ளைக்கா அழுதன்னு லயமே காறித் துப்பும். ரெண்டுல எதச் சொல்லச் சொல்றீங்க?"

"உண்மைய."

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க தம்பி" என்றார்.

குடித்தேன். அதற்குப் பிறகும் போயிருக்கிறேன், தேத்தண்ணி மட்டும்தான் கிடைக்கிறது. ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் அக்கா வாசலில் நின்று, "கேட்டியா?" என்கிறாள். அந்த வியாழக்கிழமை சூசையின் கண்கள் ஏன் சிவந்திருந்தன என்பது இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.